எதிர்த்து ஒரே ஒரு வாக்கு

தென்னாப்பிரிக்காவின் வெள்ளையர் நாடாளுமன்றத்தில் ஹெலன் சுஸ்மன் 36 ஆண்டுகள் இருந்தார். அதில் 13 ஆண்டுகள் தன்னந்தனியாக. வாக்கெடுப்புகளில் எல்லாம் தோற்றார். ஆனால் அவர் கேட்ட கேள்விகளிடமிருந்து நிறவெறி அரசால் தப்ப முடியவில்லை.

சட்டத்தின் பெயரில் பயமுறுத்தும் அம்சம் எதுவும் இல்லை. 1963ல் தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்தின் முன் வந்த அந்த மசோதாவுக்குப் பொதுச் சட்டத் திருத்த மசோதா என்று பெயர். உள்ளே இருந்த ஒரு பிரிவுதான் விவகாரமானது. அரசியல் குற்றம் செய்ததாகவோ, அதுபற்றித் தகவல் தெரிந்ததாகவோ சந்தேகிக்கப்படும் எவரையும் வாரண்ட் இல்லாமல் பிடிக்கலாம். வழக்குப் போடாமல், வழக்கறிஞரைப் பார்க்கவிடாமல் 90 நாட்கள் அடைத்துவைக்கலாம். 90 நாட்கள் முடிந்ததும் வெளியே விடுவதுபோல விட்டு, அடுத்த நிமிடமே மறுபடியும் பிடிக்கலாம். விடுதலை செய்யச் சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்குக் கிடையாது.

மசோதாவைக் கொண்டுவந்தவர் அப்போதைய நீதித்துறை அமைச்சர் ஜான் வோர்ஸ்டர். ஆளும் நேஷனல் கட்சி அதை ஆதரித்ததில் வியப்பில்லை. பிரதான எதிர்க்கட்சியான யுனைடெட் கட்சியும் அரசின் பக்கம் சேர்ந்து வாக்களித்ததுதான் வினோதம். சுமார் 160 பேர் கொண்ட அந்த அவையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். ஜோஹன்னஸ்பர்க் நகரின் ஹௌட்டன் தொகுதி உறுப்பினரான அந்தப் பெண்மணிக்கு அப்போது வயது 45. பெயர் ஹெலன் சுஸ்மன்.

மசோதா நிறைவேறியது. அவரது எதிர்ப்பால் அதில் ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. அப்படியானால் அந்தப் பேச்சால் என்ன பயன்? இந்தக் கேள்வி கடைசிவரை சுஸ்மனைத் துரத்தியது. எதிரிகள் ஏளனமாகக் கேட்டார்கள். நண்பர்கள் வருத்தத்தோடு கேட்டார்கள். அதற்கான விடை, 'ஹன்சார்ட்' எனப்படும் நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் 36 ஆண்டுகளுக்கு நீண்டு கிடக்கிறது.

வெள்ளையர்களின் சபை

கேப்டவுனில் கூடிய அந்த நாடாளுமன்றம் நாட்டு மக்களில் மிகப் பெரும்பான்மையோரின் நாடாளுமன்றமே அல்ல. கேப் மாகாணத்தில் ஓரளவு வாக்குரிமை பெற்றிருந்த கறுப்பின மக்கள் 1936ல் பொது வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டனர். 1948ல் நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்த பின் 1956ல் கலப்பினத்தவருக்கும் அதே கதி. இந்தியர்களுக்கு 1946ல் ஒப்புக்குக் கொடுக்க முன்வந்த பிரதிநிதித்துவத்தை அவர்களே ஏற்க மறுத்தனர். 1948க்குப் பின் அந்தப் பேச்சும் போனது. ஆக, யாரைப் பற்றிச் சட்டம் இயற்றப்பட்டதோ அவர்கள் யாரும் அந்த அவையில் இல்லை.

சுஸ்மன் பிறந்தது 1917 நவம்பரில், ஜோஹன்னஸ்பர்கை அடுத்த சுரங்க நகரமான ஜெர்மிஸ்டனில். லித்துவேனியாவிலிருந்து குடியேறிய யூதக் குடும்பம். பிறந்த சில நாட்களிலேயே தாயை இழந்தவர். 19 வயதில் மோசஸ் சுஸ்மன் என்ற டாக்டருடன் திருமணம்; இரண்டு பெண்கள். விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதார வரலாறு கற்பித்தார். கறுப்பினத் தொழிலாளர்களின் வாழ்க்கையையும் அவர்களைக் கட்டிப்போட்ட நடமாட்டத் தடைச் சட்டங்களையும் பற்றிப் படிக்கத் தொடங்கியவரை அந்தப் படிப்பே அரசியலுக்கு இழுத்தது.

1953 தேர்தலில் யுனைடெட் கட்சியின் சார்பில் ஹௌட்டனில் வென்றார். ஆனால் அந்தக் கட்சி ஆளுங்கட்சியை எதிர்ப்பதாகச் சொல்லிக்கொண்டே அதன் பின்னால் நடந்தது. 1959ல் கறுப்பின மக்களுக்கு மேலும் நிலம் வாங்கித் தருவதை எதிர்த்துக் கட்சி மாநாடு தீர்மானம் போட்டதும் சுஸ்மனும் 11 சகாக்களும் வெளியேறி முற்போக்குக் கட்சியைத் தொடங்கினர். 1960 மார்ச் 21ல் ஷார்ப்வில் நகரில் போலீஸ் சுட்டு 69 பேர் இறந்தனர். அதையடுத்து ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸைத் தடைசெய்யச் சட்டம் வந்தபோது அவையில் எதிர்த்தது இந்தச் சிறு கூட்டம்தான்.

வெள்ளை வாக்காளர்கள் இதை மன்னிக்கவில்லை. 1961 தேர்தலில் முற்போக்குக் கட்சியின் மற்ற எல்லோரும் தோற்றனர். சில நூறு வாக்குகள் வித்தியாசத்தில் சுஸ்மன் மட்டும் தப்பினார். 1966, 1970 தேர்தல்களிலும் அதே கதைதான். 13 ஆண்டுகளுக்கு அவரே கட்சி, அவரே கொறடா, அவரே எல்லாத் துறைகளுக்கும் பேச்சாளர். சில காலம் அவையில் இருந்த ஒரே பெண்ணும் அவர்தான்.

கேள்வி என்ற ஆயுதம்

நம் நாடாளுமன்றத்தின் கேள்வி நேரம் போல அங்கும் அமைச்சர்களிடம் உறுப்பினர்கள் கேள்வி கேட்க முடியும். பதில் சொல்லியாக வேண்டும். நிறவெறி அரசு எதையெல்லாமோ ஒழித்தது. ஆனால் பிரிட்டனிடமிருந்து வந்த இந்த மரபை ஒழிக்கவில்லை. தான் ஒரு நாகரிக ஜனநாயகம் என்று உலகத்துக்குக் காட்டிக்கொள்ள அந்த அரசுக்கு நாடாளுமன்றம் தேவைப்பட்டது. சுஸ்மன் பிடித்துக்கொண்டது இந்த இடைவெளியைத்தான்.

நடமாட்ட அனுமதிப் புத்தகம் கையில் இல்லாததற்காகச் சென்ற ஆண்டு எத்தனை பேர் கைதானார்கள்? எத்தனை பேருக்குக் கசையடி? எத்தனை பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அதில் எத்தனை பேர் வெள்ளையர்? விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் எத்தனை பேர்? அவர்களில் காவலில் இறந்தவர்கள் யார் யார்? எத்தனை குடும்பங்கள் வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டன? ஒரு இனத்திலிருந்து இன்னொரு இனமாக அரசு 'மறுவகைப்படுத்தியவர்கள்' எத்தனை பேர்? ஆண்டு தவறாமல் இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தார். அமைச்சர்கள் எழுந்து எண்களைப் படித்தார்கள். நடமாட்டத் தடைச் சட்டங்களில் ஆண்டுதோறும் சிக்கியவர்கள் லட்சக்கணக்கில் என்பது அரசின் வாயிலிருந்தே வந்தது.

இதன் முக்கியத்துவத்தை அன்றைய பத்திரிகைச் சட்டங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் புரியும். தடைசெய்யப்பட்ட ஒருவர் சொன்னதை அச்சிட்டால் குற்றம். 1959ன் சிறைச் சட்டப்படி, சிறை நிலவரம் பற்றிய செய்தியில் தவறு என்று அரசு சொன்னால், அது உண்மை என்பதை உறுதிசெய்யத் தக்க முயற்சி எடுத்ததைப் பத்திரிகை நிரூபிக்க வேண்டும். 1965ல் சிறைக் கொடுமைகளை வெளியிட்ட 'ராண்ட் டெய்லி மெயில்' நாளிதழ் மீது வழக்குப் பாய்ந்தது. ஆசிரியர் லாரன்ஸ் காண்டரும் நிருபர் பெஞ்சமின் போக்ரண்டும் 1969ல் தண்டிக்கப்பட்டனர்.

ஆனால் நாடாளுமன்றத்தில் பேசப்பட்டதை அச்சிடத் தடையில்லை. வெளியே சொன்னால் ஜெயில். உள்ளே சொன்னால் செய்தி. ஒரு கைதியின் புகாரை சுஸ்மன் அவையில் எழுப்பினால் மறுநாள் அது பத்திரிகையில் வரலாம். அதற்கு மறுநாள் லண்டனிலும் நியூயார்க்கிலும் வரலாம். தென்னாப்பிரிக்க இன உறவுகள் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிட்ட விவர அறிக்கைகளில் இந்தப் பதில்கள் இடம்பிடித்தன. நிறவெறியின் கணக்குப் புத்தகத்தை அந்த அரசின் கையாலேயே எழுதவைத்தவர் சுஸ்மன் என்றால் மிகையாகாது.

இப்படிக் கேட்டு வெளிநாட்டில் தாய்நாட்டின் மானத்தை வாங்குகிறீர்களே என்று ஒரு அமைச்சர் சீறினார். "தென்னாப்பிரிக்காவுக்குத் தலைகுனிவு என் கேள்விகளால் அல்ல, உங்கள் பதில்களால்" என்று சுஸ்மன் சொன்ன பதில் இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது.

ராபன் தீவுக் கதவு

90 நாள் சட்டத்தோடு கூடவே வந்த இன்னொரு பிரிவு ஒரே ஒரு மனிதருக்காக எழுதப்பட்டது. அனைத்து ஆப்பிரிக்கக் காங்கிரஸின் தலைவர் ராபர்ட் சொபுக்வே மூன்றாண்டு சிறைத் தண்டனை முடிந்து 1963 மே மாதம் வெளியே வர வேண்டியவர். தண்டனை முடிந்த பிறகும் அடைத்துவைக்க அனுமதிக்கும் அந்தப் பிரிவுக்கு 'சொபுக்வே பிரிவு' என்றே பெயர் வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் சுஸ்மன் எழுந்து எதிர்த்தார். 1969 வரை சொபுக்வே ராபன் தீவில்தான் இருந்தார். ஆனால் ஒரு ஆண்டுகூட அவரை ஓசைப்படாமல் மறந்துவிட அரசால் முடியவில்லை.

1967ல் ராபன் தீவுச் சிறையைப் பார்க்க சுஸ்மனுக்கு அனுமதி கிடைத்தது. எந்தச் சிறை அதிகாரியும் ஒரு எம்.பி.யின் வருகையை விரும்பியிருக்க மாட்டார். கைதிகளோ காத்திருந்தார்கள். தங்கள் சார்பில் பேச நெல்சன் மண்டேலாவிடம் போகச் சொன்னார்கள். அவர் இருந்த வரிசையின் அறைகளை எட்டிப்பார்த்த முதல் பெண் சுஸ்மன்தான். மண்டேலா சுற்றி வளைக்காமல் உணவு, உடை, படிப்பு, வேலை என்று குறைகளை அடுக்கினார். கையில் நாஜிகளின் ஸ்வஸ்திகாவைப் பச்சை குத்தியிருந்த ஒரு காவலர் கைதிகளைப் படுத்தும் பாட்டையும், அதிகாரிகள் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

கேப்டவுன் திரும்பிய சுஸ்மன் சம்பந்தப்பட்டவர்களிடம் ஒன்றைத் தெளிவாக்கினார்: அந்தக் காவலரை மாற்றாவிட்டால் விஷயம் நாடாளுமன்றத்துக்கு வரும். காவலர் மாற்றப்பட்டார். பேசாமலேயே பலித்த நாடாளுமன்றப் பேச்சு அது. சிறை நிலவரம் மெல்ல மெல்ல மேம்பட்டதற்குக் கைதிகளின் சொந்தப் போராட்டமும் சர்வதேச நெருக்கடியுமே பெரும் காரணங்கள். வெளியிலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற பயத்துக்கும் அதில் பங்கு உண்டு.

வசவும் பதிலடியும்

அவைக்குள் சுஸ்மனுக்குக் கிடைத்த மரியாதை கொஞ்சநஞ்சமல்ல. கம்யூனிஸ்ட் என்றார்கள். அவரது யூதப் பிறப்பைச் சொல்லிக் குத்தினார்கள். நாட்டைவிட்டுப் போகச் சொன்னார்கள். பேச எழுந்தாலே கூச்சல். சுஸ்மன் குரலை உயர்த்துவதைவிட நாக்கைக் கூர்மையாக்குவதில் நம்பிக்கை வைத்தார். "உங்களை நான் எப்போதோ கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன்" என்று பிரதமர் ஹெண்ட்ரிக் வெர்வூர்ட் அலட்சியமாகச் சொன்னபோது, "உங்களை உலகமே தள்ளிவிட்டது" என்றார். கறுப்பினக் குடியிருப்பு ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள் என்று ஒரு அமைச்சருக்கு யோசனை சொன்னவர், "ஆனால் மனிதர் மாதிரி மாறுவேடம் போட்டுக்கொண்டு போங்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

1966 செப்டம்பர் 6ல் வெர்வூர்ட் நாடாளுமன்றத்துக்குள்ளேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியவர் நாடாளுமன்ற ஊழியர் ஒருவர். சுஸ்மனுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தக் களேபரத்தில் அமைச்சர் பி.டபிள்யூ. போத்தா சுஸ்மனை நோக்கி விரலை நீட்டி, இதற்கு நீங்களும் உங்களைப் போன்ற தாராளவாதிகளும்தான் காரணம் என்று கத்தினார். சபாநாயகரிடம் புகார் செய்து மன்னிப்புக் கேட்கவைத்தார் சுஸ்மன். பின்னாளில் பிரதமராகி அதிபராகவும் ஆன போத்தாவுடன் அவருக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

வீட்டுத் தொலைபேசி ஒட்டுக்கேட்கப்பட்டது. ஆபாசமாகத் திட்டியும் மிரட்டியும் அழைப்புகள் வந்தன. அதற்கு சுஸ்மன் கண்ட வைத்தியம் எளியது. தொலைபேசி பக்கத்தில் ஒரு விசிலை வைத்திருந்தார். அழைப்பவரின் காது கிழிய ஊதிவிட்டு, ரிசீவரை வைத்துவிடுவார்.

1967ல் வந்த பயங்கரவாதச் சட்டம் 90 நாள் என்ற வரம்பையும் எடுத்துவிட்டது. இனி காலவரையின்றி அடைக்கலாம். பயங்கரவாதம் என்பதற்குக் கொடுக்கப்பட்ட விளக்கமோ எதையும் உள்ளே போட்டுக்கொள்ளும் அளவுக்கு அகலமானது. அதுவும் 1962 வரை பின்தேதியிட்டு. அதற்கும் எதிர்ப்பு வாக்கு ஒன்றே ஒன்றுதான். 1969ல் மரண தண்டனை பற்றி ஆராய ஒரு விசாரணைக் குழு வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். எடுபடவில்லை.

வாக்கில்லாதவர்களின் உறுப்பினர்

ஹௌட்டன் ஜோஹன்னஸ்பர்கின் பணக்கார வெள்ளையர் வாழ்ந்த பகுதி. அகலத் தெருக்கள், பெரிய தோட்டங்கள், வீட்டுக்கு வீடு கறுப்பின வேலைக்காரர்கள். சுஸ்மனைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள். அவருக்குக் கடிதம் எழுதியவர்களோ பெரும்பாலும் வேறு ஆட்கள். அனுமதிச் சீட்டு இல்லாததால் கணவனிடமிருந்து பிரிக்கப்பட்ட மனைவிகள், வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர்கள், கைதிகளின் தாய்மார்கள். வாக்குரிமையும் எம்.பி.யும் இல்லாத எல்லோருக்கும் தான் சம்பளமில்லாத குறைதீர்ப்பாளர் என்று அவர் சொல்வதுண்டு.

போய் உங்கள் கண்ணால் பாருங்கள் என்பது அவரது கொள்கை. மக்களைப் பிடுங்கிக்கொண்டுபோய் நட்ட மறுகுடியேற்ற முகாம்களுக்கும், கேப்டவுன் அருகே புல்டோசருக்குப் பயந்து வாழ்ந்த க்ராஸ்ரோட்ஸ் குடிசைப் பகுதிக்கும் போனார். பிராண்ட்ஃபோர்ட் என்ற சிற்றூருக்கு 1977ல் நாடு கடத்துவதுபோல அனுப்பப்பட்ட வின்னி மண்டேலாவைப் போய்ப் பார்த்தார். அமைச்சர்கள் கோப்பைப் பார்த்துப் பேசினார்கள். சுஸ்மன் நேரில் பார்த்ததைப் பேசினார். விவாதங்களில் அவரது பலம் அதுதான்.

இந்த வாக்கில்லாதவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. 1860ல் தொடங்கி நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் சென்னை மாகாணத்துத் தமிழர்கள் கணிசமானோர். 1950ல் வந்த குழுப் பகுதிகள் சட்டம் அவர்களின் பேரப்பிள்ளைகளைக் குறிவைத்தது. டர்பனின் கேட்டோ மேனரில் இந்தியர்கள் காலங்காலமாக வாழ்ந்த வீடுகளும் தோட்டங்களும் போயின. ஜோஹன்னஸ்பர்கின் பேஜ்வியூவில் கடை வைத்திருந்தவர்கள் ஊருக்கு வெகு தொலைவில் இருக்கும் லெனேசியாவுக்குத் துரத்தப்பட்டனர். இந்தச் சட்டத்தையும் சுஸ்மன் தொடர்ந்து எதிர்த்தார். காந்தியின் தென்னாப்பிரிக்கச் சத்தியாகிரகத்தில் முன்னணியில் நின்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரேஸ் நாயுடு, நாசவேலைக் குற்றச்சாட்டில் 10 ஆண்டுகளை ராபன் தீவில் கழித்தார்.

1974 தேர்தலில் சுஸ்மனின் தனிமை முடிவுக்கு வந்தது. அவரோடு மேலும் ஐந்து பேர் வென்றனர். சில வாரங்களில் இடைத்தேர்தல் ஒன்றில் இன்னொருவர். 1977ல் வேறு பெயரில் வளர்ந்திருந்த அந்தக் கட்சி பிரதான எதிர்க்கட்சியே ஆனது.

இருப்பதா, வெளியேறுவதா?

சுஸ்மன் மீதான விமர்சனங்கள் ஆளுங்கட்சியிடமிருந்து மட்டும் வந்தவை அல்ல. முற்போக்குக் கட்சி நீண்ட காலம் எல்லோருக்கும் சமமான வாக்குரிமை கேட்கவில்லை. கல்வி, சொத்து போன்ற தகுதிகள் உள்ள எல்லா இனத்தவருக்கும் வாக்கு என்பதே அதன் நிலை. 1978ல்தான் அது வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்பதை ஏற்றது. பள்ளிக்கூடமே மறுக்கப்பட்டவரிடம் படிப்புச் சான்று கேட்பது என்ன நியாயம் என்று கறுப்பினத் தலைவர்கள் கேட்டது சரியான கேள்வி.

1980களில் மேலும் கசப்பு. உலகம் தென்னாப்பிரிக்கா மீது பொருளாதாரத் தடை விதிக்க வேண்டும் என்று ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் கோரியது. 1946லேயே வர்த்தகத்தை நிறுத்திக்கொண்ட நாடு இந்தியா. அமெரிக்க காங்கிரஸ் 1986ல் தடைச் சட்டம் இயற்றியது. சுஸ்மன் தடைகளை எதிர்த்தார். ஆலை மூடினால் முதலில் வேலை இழப்பவர் கறுப்பினத் தொழிலாளி. பொருளாதாரம் வளர்ந்தால் அவர்களின் பேரம் பேசும் பலம் கூடும். அந்த பலமே நிறவெறியை உடைக்கும் என்பது அவரது வாதம். பொருளாதார வரலாறு படித்தவரின் வாதம். ஆனால் சிறையிலும் நாடு கடந்தும் இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. தடைகளும் கடன் நெருக்கடியும் அரசைப் பேச்சுவார்த்தை மேஜைக்குத் தள்ளியதில் பங்கு வகித்தன என்பது பின்னர் பலரும் ஒப்புக்கொண்ட விஷயம்.

எல்லாவற்றுக்கும் மேலான கேள்வி வேறு. அநியாயமான ஒரு சபையில் போய் உட்காருவதே அதற்கு மரியாதை தேடித்தருவது ஆகாதா? 1984ல் வெள்ளையருக்கு 178, கலப்பினத்தவருக்கு 85, இந்தியருக்கு 45 இடங்கள் என மூன்று அவைகள் கொண்ட புதிய நாடாளுமன்றம் வந்தது. கறுப்பின மக்களுக்கு ஒன்றுமில்லை. இந்தியர்களிலும் கலப்பினத்தவரிலும் பெரும்பாலோர் தேர்தலைப் புறக்கணித்தனர். அவர்களைப் பொறுத்தவரை கேப்டவுன் கட்டடத்தில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் அது நாடகத்தில் நடிப்பதுதான்.

1986 பிப்ரவரியில் அந்தக் கேள்வி சுஸ்மனின் வீட்டுக்குள்ளேயே வெடித்தது. கட்சித் தலைவரும் எதிர்க்கட்சித் தலைவருமான ஃபிரெடரிக் வான் ஸில் ஸ்லாபர்ட் திடீரென்று பதவி விலகினார். நாடாளுமன்றத்தால் இனி ஒன்றும் ஆகாது என்பது அவர் முடிவு. அவரோடு அலெக்ஸ் போரேனும் விலகினார். இருவரும் தொடங்கிய அமைப்பு 1987 ஜூலையில் செனகல் நாட்டின் டாக்கரில் வெள்ளை அறிவுஜீவிகளையும் தடைசெய்யப்பட்டிருந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரஸ் தலைவர்களையும் நேருக்கு நேர் உட்காரவைத்தது. பின்னால் நடந்த பெரும் பேச்சுவார்த்தைகளுக்கு அது ஒரு முன்னோட்டம்.

சுஸ்மன் கோபப்பட்டார், மனம் நொந்தார். ஆனால் இருக்கையை விட்டு எழவில்லை. நாடாளுமன்றம் பயனற்றது என்று சொல்ல, 13 ஆண்டுகள் அதில் தனியாக இருந்தவரைவிடத் தகுதி யாருக்கு உண்டு? அவர் அப்படிச் சொல்லவில்லை. காவலில் இருப்பவரின் பெயரை உரக்கச் சொல்ல வேறு இடம் இல்லாத வரை அந்த இடம் வேண்டும் என்பதே அவர் கணக்கு.

திரும்பிப் பார்த்தால் இருவரையும் தவறென்று சொல்ல முடியாது. ஸ்லாபர்ட் வெளியேறியதால் டாக்கர் சாத்தியமானது. சுஸ்மன் தங்கியதால் கேள்விகள் தொடர்ந்தன. நிறவெறியை வீழ்த்தியது இவர்கள் இருவருமே அல்ல; தெருவில் இறங்கிய, சிறை சென்ற, உயிர் கொடுத்த லட்சக்கணக்கான மக்கள்தான். இதை சுஸ்மனும் மறுத்ததில்லை.

1985ல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் போனது. 1986ல் நடமாட்டத் தடைச் சட்டங்கள் போயின. ஆண்டாண்டாக அவர் கேட்ட எண்களில் பலவற்றுக்கு இனி வேலை இல்லை. 1989ல், தனது கடைசி நாடாளுமன்றக் கூட்டத்தொடரில், ஒரு கறுப்பினப் பண்ணைத் தொழிலாளியை அடித்துக் கொன்ற வெள்ளையர்களுக்கு இலேசான தண்டனை கொடுத்த நீதிபதிக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். அதுவும் தோற்றது. அந்த ஆண்டு செப்டம்பர் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. ஐந்து மாதங்களில் மண்டேலா விடுதலையானார்.

தோற்ற வாக்குகளின் கணக்கு

1994ல் எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தலை நடத்திய ஆணையத்தில் சுஸ்மனும் ஒரு உறுப்பினர். புதிய ஆட்சியிலும் அவர் வாயை மூடிக்கொள்ளவில்லை. எய்ட்ஸ் நோய் விஷயத்தில் அதிபர் தாபோ எம்பெகி காட்டிய பிடிவாதத்தையும், ஜிம்பாப்வேயின் ராபர்ட் முகாபேவிடம் அவர் காட்டிய மென்மையையும் கண்டித்தார். பழைய ஆட்சிக்கு ஒரு அளவுகோல், புதிய ஆட்சிக்கு ஒரு அளவுகோல் என்று வைத்துக்கொள்ளவில்லை. 2009 ஜனவரி 1ல், 91ஆம் வயதில் காலமானார். அதிபர் பதவிக்குப் பிறகு மண்டேலா வாழ்ந்ததும், 2013ல் கண்மூடியதும், சுஸ்மன் 36 ஆண்டுகள் பிரதிநிதித்துவம் செய்த அதே ஹௌட்டனில்.

அவர் தோற்ற வாக்கெடுப்புகளில் சில பின்னர் வேறு இடத்தில் வென்றன. 1969ல் எடுபடாத மரண தண்டனைப் பிரச்சினையை 1995ல் அரசியல் சாசன நீதிமன்றம் தீர்த்துவைத்தது: இனி யாருக்கும் தூக்கு இல்லை. அந்த நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த நீதிபதிகளில் ஒருவர் ஆல்பி சாக்ஸ். 1963ல் சுஸ்மன் மட்டும் எதிர்த்த 90 நாள் சட்டத்தில் சிறைப்பட்டவர்.

1996 டிசம்பர் 10ல் புதிய அரசியல் சாசனத்தில் மண்டேலா கையெழுத்திட்டார். இடம், 69 பேர் விழுந்த அதே ஷார்ப்வில். அங்கே சுஸ்மனும் இருந்தார். அந்தச் சாசனத்தின் 35ஆவது பிரிவின்படி, கைது செய்யப்படும் எவரையும் கூடிய விரைவில் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். அதற்கான உச்ச வரம்பு 48 மணி நேரம்.